ஓரம்

பெகு ஆற்றங்கரை அரிசி மில்லில்
எடைக்கணக்கு எழுதுகிறவன் நான்.
வருஷா வருஷம் பணம் கட்டி
அந்நியன்தான் என்று புதுப்பித்துக்கொள்ளும் சீட்டு
சட்டைப் பையில் வியர்த்துக் கிடக்கும்.

ஊ தான் மௌங் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
வார்டு கமிட்டிச் செயலாளர். நல்ல மனிதர், இருமல்காரர்.
புது சாசனம் வருகிறது.
வெள்ளைப் பெட்டி என்றால் ஆம், கறுப்பு என்றால் இல்லை.
உங்கள் ஆட்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லேன்,
மூன்று கட்டுரை, மில் வாசல் பலகையில் ஒட்டலாம்.

எனக்கு ஓட்டே கிடையாதே, என்றேன்.
ஓட்டில்லாதவன் ஓரஞ்சொல்ல மாட்டான்:
அவர் சொன்ன பர்மியச் சொல்லுக்கு
இது என் தமிழ்.

முதல் கட்டுரையில் உலையை எழுதினேன்.
ஒரே உலையை நாலு கை கிண்டினால் சோறு குழையும்,
கட்சி ஒன்று போதும், கரண்டி ஒன்று போதும்.
எழுதும்போதே எனக்குப் பிடித்திருந்தது.
மறுநாள் விடிகாலை
தாளின் ஓரத்தில் கறுப்பு மையில் பொடி எழுத்து:
"வெந்ததா என்று பார்க்க
ஒரு பருக்கை எங்கள் கைக்கு வருமா?"

மூட்டைக்கு நம்பர் போடும் மை அது.
கால் வளைந்த அந்த 'ரு'வைத்
தினம் ஆயிரம் சாக்கில் பார்க்கிறேன்.
செண்பகவடிவு.
அவளுடைய ரோஸ் நிற மூன்று மடிப்பு அட்டையில்
மா கின் யீ.

இரண்டாவதைப் பொய்யாக எழுதவில்லை.
உழுகிறவனுக்கே நிலம், வட்டிக்கடைப் பேரேடு திரும்பாது
என்று எழுதியபோது கை நடுங்கியது.
அந்தப் பேரேட்டில் என் அப்பாவின் கைநாட்டு
ஏழு பக்கத்தில் இருந்தது.

அதற்கும் வந்தது, இம்முறை ஓரம் போதாமல்
வரிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து:
"வட்டிக்காரன் கணக்குத் தப்பென்று
கோர்ட்டில் போய்ச் சொல்ல முடிந்தது. தோற்றோம், ஆனால் சொன்னோம்.
இந்தக் கணக்குத் தப்பென்றால்
எந்தப் படி ஏறுவது?"

அன்று தவிட்டுக் கிடங்கில் நின்று
இரண்டு பீடி குடித்தேன்.
பதில் இருந்தது என்னிடம். பாதி பதில்.

மூன்றாவது கட்டுரைக்கு
இடப்பக்கம் நாலு விரல் இடம் விட்டேன்.
ஏன் இத்தனை காலியாய் என்றார் ஊ தான் மௌங்.
ஈரக் காற்று ஐயா, ஓரம் சுருண்டுகொள்ளும்.

விட்ட இடத்தை அவள் தொடவே இல்லை.
அவசரத்தில் 'ஒற்றை கட்சி' என்று எழுதியிருந்தேன்.
இரண்டு சொல்லுக்கும் நடுவே சின்னதாய் ஒரு 'க்',
மேலே அம்பு,
அம்பின் தலையில்:
"இங்கே ஒற்று மிகும்."

பலகையருகே புதுசாய் ஒரு ஆள்,
மூன்று நாளாய் வெற்றிலை மென்றபடி நிற்பவன்,
அதைச் செயலாளருக்குக் காட்டினான்.
என்ன எழுதியிருக்கிறது?
இலக்கணப் பிழை ஐயா, என் பிழை.
அவர் இருமினார். வெகுநேரம் இருமினார்.
சரி, திருத்திவிடு, என்றார்.
திருத்தினேன்.

ஓட்டுப்போடும் நாளில் தராசடியில் நின்றேன்.
திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டியும்.
செண்பகவடிவு போனாள், வந்தாள்,
விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டாள்.
விரலில் இருந்தது மில் மை, அது என்றும் போகாது.
தொண்ணூறுக்கு மேல் ஆம் என்றது ரேடியோ.

எடைப் புத்தகத்தில் இன்னும்
நாலு விரல் தள்ளித்தான் கோடு கிழிக்கிறேன்.
தாள் வீணாகிறது என்கிறார் மேனேஜர்.

அவளோடு நான் வாய்திறந்து பேசியது
இந்தப் பதினொரு வருஷத்தில் இவ்வளவுதான்:
எத்தனை மூட்டை?
நூற்றுப் பதினாறு.